பிள்ளையை எண்ணிய திட்டங்கள், குடும்பத்தை எண்ணிய தொழில்

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை; தீப்பெட்டி ஆபீஸ்தான். எண்பதுகளில் அந்த ஆபீஸ்களின் பஸ் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே கரிசல் கிராமங்களுக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தோடு தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு ஏறியவர்களில் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். அண்ணனும் தம்பியும் பள்ளிக்கூடம் போக, அக்காளும் தங்கச்சியும் ஆபீஸுக்குப் போன வீடுகள் அந்தப் பக்கம் ஏராளம். திரும்பி வந்து இறங்கும்போது பொழுது அடைந்திருக்கும்.

அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே இருந்த முக்கிய வேலை கட்டை அடுக்குவது. கட்டை என்பது ஒரு மரச்சட்டம். அதற்குள் காடி வெட்டிய மெல்லிய பட்டைகள் ஐம்பது சொச்சம் இருக்கும். ஒவ்வொரு பட்டையிலும் சுமார் ஐம்பது குச்சிகளை, ஒன்று தூக்கி ஒன்று தாழாமல், இடைவெளி விட்டுப் பதிக்க வேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூறு குச்சி வைத்து முடித்தால்தான் ஒரு கட்டை நிறையும். அதை இறுக்கிக் கட்டி அப்படியே மருந்தில் முக்குவார்கள். குச்சி கோணினால் மருந்து ஒட்டிக்கொள்ளும், கட்டை திரும்பி வரும்.

கூலி கட்டைக் கணக்கு. இத்தனை கட்டைக்கு இத்தனை ரூபாய். அடுக்கிய கை பத்து வயதா முப்பது வயதா என்பது அந்தக் கணக்கில் வரவே வராது. நாள் கூலி என்றால் சின்னப் பிள்ளையை வேலைக்கு வைக்க முதலாளி யோசிப்பார்; துண்டுக்கூலியில் யோசிக்க ஒன்றுமில்லை. தாயும் மகளும் சேர்ந்து அடுக்கினால் வீட்டுக்குக் கூடுதல் கட்டை, அவ்வளவுதான். கூலிக்கு முன்பே முன்பணம் வேறு வந்திருக்கும். கல்யாணச் செலவுக்கோ மழை பொய்த்த வருஷத்துச் சாப்பாட்டுக்கோ வாங்கியது. அதைக் கழிக்கக் குடும்பத்தில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனையும் வந்தாக வேண்டும்.

குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்காகக் கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகம் முழுக்க நடந்த திட்டங்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கட்டைக் கணக்குதான் நினைவுக்கு வரும். திட்டங்கள் பிள்ளையைத் தனியாக எண்ணின. எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள், எத்தனை பேர் பள்ளியில் சேர்ந்தார்கள் என்பது அவர்கள் பதிவேடு. தொழில் பிள்ளையை எண்ணவே இல்லை, குடும்பத்தை எண்ணியது. இரண்டு பேரும் இரண்டு வேறு கணக்கு எழுதிக்கொண்டிருந்ததில்தான் பெரும்பாலான திட்டங்கள் தடுமாறின.

எண்ணுவதிலேயே தகராறு

1985 டிசம்பர் 31 நிலவரப்படி சிவகாசிப் பகுதியில் பதிவு பெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221. அவற்றில் வேலை செய்தவர்கள் 27,338 பேர். அதில் குழந்தைகள் 2,941 பேர். உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்த கணக்கு இது. அதே காலத்தில் அங்கே சுற்றி வந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டதோ நாற்பதாயிரத்துக்கும் மேல். எங்கே போனார்கள் மீதிப் பேர்? சிலர் வேலையாட்களின் பதிவேடான மஸ்டர் ரோலில் இல்லை. சிலர் பதிவே இல்லாத சிறு பட்டறைகளில் இருந்தார்கள். சிலர் “அம்மாவுக்குச் சோறு கொண்டு வந்தவர்கள்.” இன்னும் பலர் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு, பீடி, கம்பளம் முதலிய தொழில்களில் 14 வயதுக்குட்பட்டவர்களைத் தடை செய்தது. கூடவே, குடும்பத்தினர் உதவியோடு நடத்தும் பட்டறைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்றும் ஒரு வரி எழுதியது. அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. ஆபீஸிலிருந்து வேலை வீட்டுக்கு நகர்ந்தது. ஆபீஸ் என்றால் அரசின் தொழிற்சாலை ஆய்வாளர் எப்போதாவது வருவார்; திண்ணைக்கு யார் வருவார்? 2016-ல் சட்டத்தைத் திருத்தி 14 வயது வரை எல்லாத் தொழிலிலும் தடை என்று கொண்டுவந்தபோதும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் ‘உதவலாம்’ என்ற விலக்கு வேறு வடிவத்தில் அப்படியே இருக்கிறது.

1986 சட்டத்தைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் பின்னாளில் செய்த ஓர் ஆய்வு இன்னும் சங்கடமான விஷயத்தைச் சொன்னது. தடை வந்த பிறகு பிள்ளைகளின் கூலி பெரியவர்களின் கூலியை விட அதிகமாகச் சரிந்தது. ஏழைக் குடும்பங்களில் வேலைக்குப் போன பிள்ளைகளின் விகிதம் கூடியது. காரணம் எளிது. பிடிபட்டால் அபராதம் என்ற பயத்தை முதலாளி பிள்ளையின் கூலியிலேயே கழித்துக்கொண்டார். குறைந்த கூலியில் அதே அரிசியை வாங்க ஒரு பிள்ளைக்குப் பதில் இரண்டு பிள்ளை போக வேண்டியதாயிற்று. சட்டமே வேண்டாம் என்பதற்கு இது வாதமல்ல. சட்டம் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு ஓய்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று.

1991-ல் சிவகாசிப் பகுதிப் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் 39 பேர் இறந்ததும் உச்ச நீதிமன்றம் தானாகவே தலையிட்டது. 1996 டிசம்பர் 10-ல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பதில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும். முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்தப் பணத்தின் வட்டி, பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். குடும்பத்தின் கணக்கை எழுதிப் பார்த்த ஆவணம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் தொகையைப் பாருங்கள். 25,000 ரூபாய்க்குப் பத்து சதவீத வட்டி என்று வைத்தாலும் மாதம் 200 ரூபாய் சொச்சம்தான். அதுவும் முதலாளியிடமிருந்து வசூலானால்.

வங்கதேசம் கற்றுக்கொண்டது

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை டாக்காவில் நடந்தது. 1992-ல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தைகள் கைபட்ட பொருட்களை இறக்குமதி செய்யத் தடை கோரும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவே இல்லை. பேச்சு அடிபட்டதே போதுமாயிருந்தது. வங்கதேச ஆயத்த ஆடை முதலாளிகள் பயந்துபோய்ப் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். யுனிசெஃப் சொன்ன கணக்கு சுமார் 50,000. வெளியே வந்தவர்களுக்காக எந்தப் பள்ளியும் காத்திருக்கவில்லை. பின்தொடர்ந்து போய்ப் பார்த்தவர்கள் பலரைக் கல் உடைக்கும் இடத்திலும் தெருவோர வியாபாரத்திலும் கண்டார்கள், சிலரைப் பாலியல் தொழிலிலும். தையல் ஆலை அதை விடப் பாதுகாப்பானதாக இருந்திருக்கிறது.

அதன் பிறகுதான் புத்தி வந்தது. 1995 ஜூலை 4-ல் ஆடை ஏற்றுமதியாளர் சங்கம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. இனி 14 வயதுக்குக் கீழே புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. ஏற்கெனவே இருப்பவர்களைப் பள்ளி தயாராகும்வரை வெளியேற்றக் கூடாது. பள்ளிக்கு வந்தால் மாதம் 300 டாகா (வங்கதேசப் பணம்) உதவித்தொகை. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். உதவித்தொகை ஆலைச் சம்பளத்துக்கு ஈடாகவில்லை, எல்லோரும் வரவுமில்லை. ஆனால் “முதலில் பள்ளி, பிறகு வெளியேற்றம்” என்ற வரிசை அங்கேதான் ஒப்பந்தமாக எழுதப்பட்டது.

பாகிஸ்தானின் சியால்கோட்டில் அதே பாடம் வேறு உருவில் வந்தது. உலகத்தின் கைத்தையல் கால்பந்துகளில் பெரும்பகுதி அந்த ஊர்க் கிராம வீடுகளில்தான் தைக்கப்பட்டது. சியால்கோட் வர்த்தகர்களும் சர்வதேச அமைப்புகளும் போட்ட 1997 அட்லாண்டா ஒப்பந்தத்தின்படி தையலை வீட்டிலிருந்து பிடுங்கி, கண்காணிக்கத் தோதான மையங்களுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் குறைந்தார்கள், உண்மை. கூடவே, வீட்டை விட்டு வெளியே போய் வேலை செய்ய வழக்கம் இடம்கொடுக்காத பெண்களும் கூலியை இழந்தார்கள். பிறகு ஓடிப்போய்ப் பெண்களுக்கென்று சிறு மையங்களைக் கிராமத்துக்குள்ளேயே திறக்க வேண்டியதாயிற்று. தாயின் கூலியை வெட்டிவிட்டு மகனைப் பள்ளிக்கு அனுப்பு என்றால் எந்தக் குடும்பத்தில் நடக்கும்?

ஆடு வாங்கித் தந்தால்

சரி, குடும்பத்துக்கு வருமானம் கொடுத்துவிட்டால்? இங்கேயும் நேர்ப்பாதை இல்லை. வறுமையைப் போக்கக் கடன் கொடுப்பது, கறவை மாடு கொடுப்பது, ஆடு கொடுப்பது எல்லாம் நல்ல எண்ணத்தில் நடப்பவை. ஆனால் ஆடு வந்தால் மேய்க்க ஆள் வேண்டும். அப்பன் கூலிக்குப் போய்விடுவான், ஆத்தா களை எடுக்கப் போய்விடுவாள். மூன்றாவதாக வீட்டில் இருப்பது யார்? பெட்டிக்கடை வைத்தாலும் கல்லாவில் உட்கார யாரோ வேண்டும். வீட்டுக்குள் ஒரு தொழில் வந்தால் அது முதலில் தேடுவது கூலி கொடுக்கத் தேவையில்லாத கையைத்தான். பல நாடுகளில் சிறுகடன் திட்டங்களை ஆராய்ந்தபோது இது தெரிந்தது. போஸ்னியாவில் நுண்கடன் வாங்கிய வீடுகளில் பதினாறு முதல் பத்தொன்பது வயதுவரையான பிள்ளைகளின் வேலை கூடியிருந்தது.

பிள்ளை பள்ளிக்கு வர வேண்டும் என்பது போன்ற நிபந்தனையோடு பணம் தரும் திட்டங்கள் பொதுவாக நன்றாகவே வேலை செய்திருக்கின்றன. 1997-ல் மெக்சிகோவில் தொடங்கிய புரோகிரெசா அதற்கு உதாரணம். அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. பள்ளியும் வேலையும் தராசின் இரண்டு தட்டு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று. வங்கதேசத்தில் 1993-ல் பள்ளிக்கு வரும் பிள்ளையின் வீட்டுக்குத் தானியம் கொடுத்தார்கள். பள்ளி வருகை நன்றாக ஏறியது, வேலை அந்த அளவுக்குக் குறையவில்லை. பிள்ளை இரண்டையும் செய்தது. விளையாட்டு நேரம்தான் போயிற்று. பிலிப்பைன்ஸில் இன்னொரு விசித்திரம். உதவித்தொகையால் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள், ஆனால் அந்தத் தொகை பள்ளிச் செலவு முழுவதையும் ஈடுகட்டவில்லை. பாக்கிக்காகச் சில பிள்ளைகள் பள்ளி நேரம் போகக் கூலி வேலைக்குப் போனார்கள். அரைகுறை உதவி சில சமயம் வேலையைக் கூட்டிவிடும் என்பதை அதற்குமுன் யாரும் பெரிதாக யோசித்ததில்லை.

பிரேசில்காரர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். 1996-ல் மாட்டோ குரோசோ டோ சூல் மாநிலத்தின் கரிச்சூளைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய திட்டத்தில் பணத்தோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள்: பள்ளி விட்ட பிறகும் பிள்ளையை அங்கேயே வைத்திருக்கும் கூடுதல் நேரம். அங்கே பள்ளி அரைநாள்தான். மீதி அரைநாளில் சூளை கூப்பிடும். விளையாட்டு, பாட்டு, பாடத்தில் உதவி, சாப்பாடு என்று அந்த அரைநாளை நிரப்பினார்கள். பணத்தை விடக் குழந்தையின் நேரத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்பது பெரிய கேள்வி என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

ரங்காரெட்டி மாவட்டத்தின் பிடிவாதம்

இந்தக் கணக்கு வழக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு வேறு பாதையில் போனவர் சாந்தா சின்ஹா. 1991 வாக்கில் அன்றைய ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் எம். வெங்கடரங்கய்யா அறக்கட்டளை மூலம் அவர் தொடங்கிய வேலைக்கு 2003-ல் மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் வைத்த விதி ஒன்றுதான்: பள்ளியில் இல்லாத எந்தப் பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான். ஆபத்தான வேலை, ஆபத்தில்லாத வேலை என்ற பிரிவினை கிடையாது. தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பெண் பிள்ளையும் அதில் சேர்த்தி. பெற்றோருக்கு உதவித்தொகை கிடையாது. பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப்போய்ச் சில மாதங்கள் தங்கவைத்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேருமளவுக்கு இணைப்புப் பாடம் நடத்தி, நேராக அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

‘ஏழை என்பதால்தான் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறார்கள்’ என்ற வாதத்தை அவர்கள் ஏற்கவில்லை. ஒரே தெருவில், ஒரே வருமானத்தில், ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளிக்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளை வயலுக்கும் போவதைக் காட்டினார்கள். சேர்க்கைக்குச் சான்றிதழ் கேட்டு விரட்டும் பள்ளி, எட்டு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்து அவமானப்படுத்தும் பள்ளி, ஆசிரியர் வராத பள்ளி ஆகியவையும் பிள்ளையை வேலைக்குத் தள்ளுகின்றன என்றார்கள். பொருளாதார அறிஞர்களுக்கு இது ஒப்பவில்லை. எனக்குத் தோன்றுவது, இரு தரப்பும் வேறு வேறு வீடுகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான். பிள்ளையின் கூலி இல்லாமலும் உலை கொதிக்கும் வீட்டை அறக்கட்டளையின் வாதம் அசைத்துவிடும். முன்பணத்தில் கட்டுண்ட வீட்டை அது அசைக்காது.

அதே ஆந்திரத்தில் வீரியப் பருத்தி விதை வயல்களில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்கும் வேலை அது. பெண் பிள்ளைகளை முன்பணம் கொடுத்துப் பிடித்தார்கள். விவசாயிகளைக் கேட்டபோது, கம்பெனி கொடுக்கும் கொள்முதல் விலையில் பெரியவர்களுக்குக் கூலி கட்டாது என்றார்கள். விவசாயியைத் திட்டி, பெற்றோருக்கு விழிப்புணர்வு ஊட்டி முடிகிற காரியம் இல்லை அது. கொள்முதல் விலையை முடிவு செய்யும் மேசைவரை போக வேண்டியிருந்தது. அழுத்தம் அதிகமானதும் சில பன்னாட்டு விதை நிறுவனங்கள், பிள்ளைகளை வைக்காத விவசாயிக்கு ஊக்கத்தொகை தரத் தொடங்கின. கோக்கோவிலோ அந்த மேசை அவ்வளவு எளிதில் அசையவில்லை. மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டங்களில் குழந்தை உழைப்பை ஒழிப்பதாகச் சாக்லேட் நிறுவனங்கள் 2001-ல் கையெழுத்திட்டன. கெடுவைத் தள்ளித் தள்ளி 2020 வந்தபோதும் ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும் சேர்த்து 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தத் தோட்டங்களில் இருந்ததாக ஆய்வு சொன்னது.

சிவகாசியில் குறைந்தது எதனால்?

1988-ல் மத்திய அரசு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட முதல் பன்னிரண்டு மாவட்டங்களில் சிவகாசிப் பகுதியும் ஒன்று. சிறப்புப் பள்ளி, மதிய உணவு, மாதம் 100 ரூபாய் உதவித்தொகை. அந்த நூறு பிறகு 150 ஆகி, 2017-ல்தான் 400 ஆனது. விலைவாசி அதற்குள் எங்கேயோ போய்விட்டது. இரண்டாயிரங்களில் இந்திய-அமெரிக்க அரசுகள் சேர்ந்து, ஆளுக்கு இரண்டு கோடி டாலர் போட்டு, இண்டஸ் என்ற திட்டத்தை நடத்தின. தமிழ்நாட்டில் விருதுநகர், காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, நாமக்கல் மாவட்டங்கள் அதில் இருந்தன. முந்தைய திட்டங்களில் விடுபட்டுப்போன இரண்டை அது சேர்த்துக்கொண்டது. ஒன்று, 14 வயதைத் தாண்டியவர்களுக்குத் தொழிற்பயிற்சி, தாய்மாருக்குச் சுயஉதவிக் குழு. மற்றொன்று, பிள்ளை பள்ளியில் சேர்ந்த பிறகும் அங்கேயே இருக்கிறதா என்று பெயர் பெயராகப் பின்தொடரும் பதிவு. சேர்க்கையன்று புகைப்படம் எடுத்துவிட்டுப் போகும் வழக்கத்துக்கு அது நல்ல மாற்று.

இன்று விருதுநகர் மாவட்டத்தில் விடியற்காலைப் பஸ்ஸில் பத்து வயதுப் பிள்ளைகள் ஏறுவதில்லை. எந்தத் திட்டம் அதைச் செய்தது என்று கேட்டால் பதில் சிக்கலானது. கட்டை அடுக்க இயந்திரம் வந்தது. ஒரு வீட்டில் ஆறு பிள்ளை இருந்த காலம் போய் இரண்டானது. நடந்து போகும் தூரத்தில் பள்ளி வந்தது. காமராஜர் 1956-ல் எட்டயபுரத்தில், அதாவது இதே கரிசல் காட்டில், தொடங்கிய மதிய உணவை 1982-ல் எம்.ஜி.ஆர். பெரிதாக விரித்தார், பள்ளிக்குப் போனால் ஒரு வேளைச் சோறு உறுதி என்றானது. நூறு நாள் வேலையால் பெரியவர்களின் கூலிக்கு ஓர் அடிமட்டம் கிடைத்தது. இவற்றில் பாதிக்கு மேல் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு என்ற தலைப்பில் வந்தவையே அல்ல. மதிப்பீட்டு அறிக்கைகளில் திட்டங்கள் தங்கள் சாதனையாக எழுதிக்கொள்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

வேலை நகர்ந்ததும் உண்டு. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தத் தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று ஆள் பிடித்தார்கள். போனவர்களில் பலர் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள். எட்டாவதோடு ‘மீட்பு’ முடிந்துவிடும் திட்டங்களின் கண்ணில் அவர்கள் படவில்லை. பதினான்கு என்பது சட்டப் புத்தகத்தின் எண். வீட்டில் அது, மகளுக்கு நகை சேர்க்கத் தொடங்கும் வயது.

தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தை 2021 ஏப்ரலில் இருந்து ஒருங்கிணைந்த கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவோடு இணைத்துவிட்டார்கள். தனிப் பள்ளி வேண்டாம், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பள்ளி என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத் துறையின் கண்ணில் படுவது பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைதான்.

பதிவேட்டுக்கு வெளியே இருப்பவர்களைப் பார்க்கத் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குப் போக வேண்டும். பொங்கலை ஒட்டி ஒடிசாவின் பலாங்கீர் பகுதியிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்கும். மழைக்கு முன் ஊர் திரும்பும். இங்கேயும் முன்பணம், இங்கேயும் துண்டுக்கூலி, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. பலாங்கீரில் ஏஜென்ட் முன்பணம் கொடுப்பது தனி ஆளுக்கு அல்ல, ‘பதுரியா’ என்ற ஒரு தொகுதிக்கு: ஓர் ஆண், ஒரு பெண், கூட ஒன்றோ இரண்டோ பிள்ளை. மண் பிசைவதும் அச்சில் அடிப்பதும் அப்பனும் அம்மாவும். வெயிலில் கிடக்கும் பச்சைக் கல்லை உடையாமல் புரட்டிப் போடச் சின்னக் கைதான் தோது.

இங்கே செய்து பார்த்ததில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. சூளைக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டு, ஒடிசாவிலிருந்து ஒடியா பாடப்புத்தகங்களை வரவழைத்து, ஒடியா தெரிந்த ஆசிரியர்களை வைத்து வகுப்பு நடத்தினார்கள். ஜனவரியில் அங்கே விட்ட பாடத்தை இங்கே தொடரலாம், ஜூனில் திரும்பிப் போய் அடுத்த வகுப்பில் உட்காரலாம். பிள்ளைகளும் வந்தார்கள். காலை வகுப்பு முடிந்து சோறு உண்டதும் சிலர் எழுந்து சூளைப் பக்கம் நடந்துவிடுவார்கள். கல் புரட்டும் நேரம் அது. வீட்டுக் கணக்கில் அன்றைய ஆயிரம் இன்னும் நிறைந்திருக்காது.